டி கோல் சாகமாட்டார் என்று தெரிந்தும்

எங்கள் ஊர் வாடகை நூலகத்தில் ஒரு மகானுபாவர் உறுப்பினராக இருந்தார். யாரென்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. துப்பறியும் நாவல்களை எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, திருப்பித் தருவதற்கு முன் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று பென்சிலால் எழுதிவைத்துவிடுவார். "டாக்டர்தான் கொன்றது. வீணாகத் தம்பியைச் சந்தேகப்படாதே" என்று முத்து முத்தான கையெழுத்தில். ரப்பரால் தேய்த்தாலும் தடம் தெரியும். வாடகைக் காசு தண்டம்.

அதே நூலகத்தில்தான் பிரெடெரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் த ஜாக்கல்' எனக்குக் கிடைத்தது. அதில் பென்சில் எழுத்து எதுவும் இல்லை. எழுதியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பிரெஞ்சு அதிபர் சார்ல் டி கோலைச் சுட்டுக் கொல்லக் கூலிக்கு ஒருவன் அமர்த்தப்படுகிறான் என்பதுதான் கதை. டி கோல் யார் கையாலும் சாகவில்லை, வயதாகித் தம் வீட்டில்தான் இறந்தார் என்பது ஊருக்கே தெரியும். ஆக, கதையின் முடிவு அட்டையைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அப்புறமும் விடிய விடியப் படித்தேன். கடைசி இருபது பக்கங்களில் நெஞ்சு அடித்துக்கொண்டது நிஜம்.

ஃபோர்சைத் 1962-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் பாரிஸ் அலுவலகத்தில் இளம் நிருபர். அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்த டி கோலைத் துரோகி என்று கருவிக்கொண்டிருந்த ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய அமைப்பு, அவரைத் தீர்த்துக்கட்ட அலைந்த காலம் அது. அவர் எங்கே போனாலும் நிருபர்கள் பின்னாலேயே போவார்கள். அவர் என்ன பேசுகிறார் என்று கேட்க மட்டுமல்ல. சுடப்பட்டால் முதலில் செய்தி தர ஆள் வேண்டுமே. 1962 ஆகஸ்ட் 22 அன்று மாலை மங்கும் நேரத்தில், பெத்தி-கிளமார் என்ற புறநகரில் அவருடைய சித்ரோயன் காரை நோக்கி நூற்றுக்கும் மேற்பட்ட தடவை சுட்டார்கள். டயர் கிழிந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே போனதில் டி கோலும் மனைவியும் உயிர் தப்பினார்கள். திட்டம் போட்டவர் பாஸ்தியன்-திரி என்ற விமானப்படை அதிகாரி. 1963 மார்ச் 11 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஃபோர்சைத்தின் நாவல் அந்த விடிகாலையில்தான் தொடங்குகிறது.

நிருபராக இருந்தபோதே அவருக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. ஓ.ஏ.எஸ்.காரன் ஒவ்வொருவனுக்கும் போலீஸில் கோப்பு இருக்கிறது, அமைப்புக்குள்ளேயே ஒற்றர்கள் நிறைந்திருக்கிறார்கள். எந்தக் கோப்பிலும் பெயர் இல்லாத வெளிநாட்டுக்காரன் ஒருவன் வந்தால்? 1970 ஜனவரியில், கையில் காசில்லாமல், தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து 35 நாளில் நாவலை முடித்தார். பதிப்பகங்கள் சில திருப்பி அனுப்பிவிட்டன. அவர்கள் சொன்ன காரணத்தைக் கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும்: டி கோல் அப்போது உயிரோடு இருந்தார். கொலை நடக்கப்போவதில்லை என்று வாசகனுக்குத் தெரிந்த கதையை எவன் காசு கொடுத்து வாங்குவான்? டி கோல் அந்த நவம்பரில்தான் இறந்தார். நாவல் 1971-இல் வெளிவந்து உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது.

பதிப்பாளர்கள் இதைத் துப்பறியும் கதையின் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். துப்பறியும் கதையில் பிணம் முதலிலேயே விழுந்துவிடுகிறது. நடந்தது நடந்துவிட்டது, மிச்சமிருப்பது எப்படி, யார் என்ற புதிர். எட்கர் ஆலன் போ 1841-இல் பிலடெல்பியாப் பத்திரிகை ஒன்றில் எழுதிய பாரிஸ் கொலைக்கதையிலிருந்து இந்த அமைப்பு மாறவே இல்லை. துப்பறிபவர் சாவகாசமாகப் புகை பிடிக்கலாம், வயலின் வாசிக்கலாம், கடைசியில் எல்லாரையும் வரவேற்பறையில் உட்காரவைத்துப் பாடம் எடுக்கலாம். பிணத்துக்கு அவசரமில்லை. திரில்லரில் பிணம் இன்னும் விழவில்லை. விழப்போகிறது என்று நமக்குத் தெரியும், யாரால் என்று தெரியும், பெரும்பாலும் எப்போது என்றுகூடத் தெரியும். தெரியாமல் திண்டாடுவது கதைக்குள் இருக்கும் பாத்திரம்தான். நம் மகானுபாவரின் பென்சில் முதல் வகையைக் கொன்றுவிடும். இரண்டாவதன் மேல் அது கீறல்கூடப் போடாது.

ஜாக்கல் என்ற அந்தக் கூலிக்கொலைகாரன் என்ன செய்கிறான் பாருங்கள். கிராமத்துத் தேவாலயங்களின் கல்லறைகளில் சுற்றி, உயிரோடு இருந்தால் இன்று தன் வயது இருந்திருக்கக்கூடிய, இரண்டு வயதில் இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரைக் கண்டுபிடிக்கிறான். அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்குகிறான். சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட் வாங்குகிறான். எல்லாம் அசல் அரசாங்கக் காகிதம். பிறப்புப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஆளில்லை. இது கற்பனை இல்லை. அன்றைய பிரிட்டனில் நிஜமாகவே செய்யக்கூடியதாக இருந்தது. நாவல் வந்து பல வருஷங்கள் கழித்தும் அந்த ஓட்டை அடைபடாமல் இருந்தது, அந்த மோசடிக்கு நாவலின் பெயரே வைக்கப்பட்டது.

1973-இல் பிரெட் சின்னமன் எடுத்த படத்தில் ஒரு காட்சி. பேச்சு கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. ஜாக்கல் காட்டுக்குள் போகிறான். மரக்கிளையில் ஒரு தர்பூசணியைத் தொங்கவிடுகிறான், அதில் கண், மூக்கு, வாய் வரைந்து. தூரத்தில் போய், தனக்கென்றே செய்வித்த துப்பாக்கியைக் குழாய் குழாயாகப் பூட்டுகிறான். சுடுகிறான், குண்டு ஓரமாகப் படுகிறது. தொலைநோக்கியின் திருகாணியைக் கொஞ்சம் திருப்புகிறான், மறுபடி சுடுகிறான். இன்னும் கொஞ்சம் திருப்புகிறான். குறி சரியானதும், பையிலிருந்து வேறு ஒரு தோட்டாவை எடுத்துப் போடுகிறான். பழம் இருந்த இடத்தில் பழம் இல்லை. கொலை நடக்காது என்று தெரிந்த நமக்கே அந்த இடத்தில் வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் அதுவரை 'இவன் தோற்கப்போகிறவன்' என்று மனசின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்த எண்ணம் நின்றுபோய், 'இவனை எப்படித் தடுக்கப்போகிறார்கள்' என்ற எண்ணம் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இன்னொரு கொடுமையும் உண்டு. இவ்வளவு சிரத்தையாக வேலை செய்பவன் வெற்றிபெறட்டுமே என்று நமக்குள் ஒரு ஆள் ஆசைப்பட ஆரம்பித்துவிடுகிறான்.

எதிர்ப்பக்கம் க்ளோத் லெபெல். குள்ளமான, சாதுவான, வீட்டில் மனைவிக்குப் பயந்த போலீஸ் அதிகாரி. ஒரு அத்தியாயம் அவனுக்கு, ஒரு அத்தியாயம் இவருக்கு. அவன் ஓட்டலை விட்டுக் கிளம்புகிறான், இவர் ஆட்கள் சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறார்கள். இருவரையும் சேர்த்துப் பார்ப்பது நாம் மட்டும்தான். ராஜேஷ்குமாரின் நாவல்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதில்லை. ஒரு அத்தியாயம் கோயம்புத்தூரில் ஒருத்திக்கு, அடுத்தது எங்கோ சம்பந்தமே இல்லாத இன்னொருவனுக்கு என்று ஓடி, இரண்டு தண்டவாளமும் எங்கே சேரும் என்று நம்மை உட்காரவைத்துவிடுவார். மாத நாவலை வாங்கினால் பேருந்து ஊர் போய்ச் சேரும் முன் முடித்துவிடுவது அதனால்தான்.

சரி, இந்த வித்தை எங்கிருந்து வந்தது? ஒரே ஒருவரைக் கைகாட்டச் சொன்னால் நான் வில்கி காலின்ஸைச் சொல்வேன். 1859 நவம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் 'தி வுமன் இன் வைட்' தொடராக ஆரம்பித்து அடுத்த ஆகஸ்டு வரை ஓடியது. அதற்கு முன்பும் ஆங்கிலத்தில் பயமுறுத்தும் நாவல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பேய் இத்தாலியில் இருக்கும். பாழடைந்த கோட்டை, நிலவறை, துறவிகள், பல நூறு வருஷத்துக்கு முந்திய பிரபுக்கள் என்று எல்லாமே வாசகனின் வீட்டிலிருந்து பத்திரமான தூரத்தில். காலின்ஸின் பெருமையே நம் வாசற்படியிலேயே இருக்கும் மர்மங்களைக் கதைக்குள் கொண்டுவந்ததுதான் என்று ஹென்றி ஜேம்ஸ் 1865-இல் எழுதினார். லண்டனுக்குப் பக்கத்தில், நிலா வெளிச்சத்தில், ஆளில்லாத சாலையில் நடந்துபோகும் ஓவிய ஆசிரியர் ஒருவரின் தோளைப் பின்னாலிருந்து ஒரு கை தொடுகிறது. திரும்பினால் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்திய ஒரு பெண். லண்டனுக்கு வழி கேட்கிறாள். அவளை வண்டி ஏற்றிவிடுகிறார். அவள் மனநல விடுதியிலிருந்து தப்பி வந்தவள் என்பது பிறகுதான் தெரிகிறது.

இதில் பேய் கிடையாது. பயம் முழுக்கச் சட்டத்திலிருந்து வருகிறது. அன்றைய இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். மனைவிகளின் சொத்துரிமைக்கான சட்டங்கள் 1870-இலும் 1882-இலும்தான் வந்தன. இரண்டு மருத்துவர்கள் கையெழுத்துப் போட்டால் ஒருவரைப் பைத்தியம் என்று உள்ளே தள்ளிவிடலாம். இந்த இரண்டு காகிதங்களையும் ஒரு கெட்டவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் நாவல். பத்திரிகை வாங்கிய ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மனைவி இருந்திருப்பாள், ஒரு மாப்பிள்ளை இருந்திருப்பான். பயம் நேராகச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது.

அந்த நாவலில் ஒரு இடத்தை நான் பலருக்கும் சொல்லி அலுக்காமல் இருக்கிறேன். மரியன் என்ற புத்திசாலிப் பெண், தன் தங்கையின் கணவனும் அவன் நண்பன் கவுண்ட் ஃபோஸ்கோவும் ராத்திரி என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்கத் தீர்மானிக்கிறாள். சலசலக்கும் பட்டு உடையைக் கழற்றிவிட்டு, கறுப்புப் போர்வை அணிந்து, ஜன்னல் வழியாகத் தாழ்வாரக் கூரையின் மேல் ஏறிக் குந்தியிருக்கிறாள். கீழே தங்கையை எப்படி ஒழிப்பது என்று பேச்சு நடக்கிறது. மழை பிடிக்கிறது. நனைந்தபடி முழுதும் கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பி, நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதுகிறாள். காய்ச்சல் ஏறுகிறது. வாக்கியங்கள் குலைகின்றன. கடைசியில் வெறும் கிறுக்கலாகிப் பேனா நின்றுபோகிறது. நாம் இதுவரை படித்துக்கொண்டிருந்தது அந்த நாட்குறிப்பைத்தான். அதற்குக் கீழேயே வேறு கை எழுதிய ஒரு குறிப்பு ஆரம்பிக்கிறது, 'உண்மையான நண்பர் ஒருவரின் பின்குறிப்பு' என்று. எழுதியவர் கவுண்ட் ஃபோஸ்கோ. மரியன் நினைவிழந்து கிடக்கும்போது அறைக்குள் வந்து, முழு நாட்குறிப்பையும் உட்கார்ந்து படித்துவிட்டு, அவளுடைய எழுத்துத் திறமையைப் பாராட்டி நாலு வரி எழுதிவிட்டுப் போகிறார்.

ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனால் அவள் அந்தரங்கத்தை நாம் மட்டும் படிக்கிறோம் என்று நினைத்த நேரமெல்லாம், நம் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் நின்று படித்துக்கொண்டிருந்தார் என்று புரிகிறபோது ஏற்படும் குளிர் இருக்கிறதே, அதற்கு இணையாக இந்த நூற்றாண்டின் திரில்லர்கள் எதிலும் நான் கண்டதில்லை. அடுத்த கணமே வேறு ஒன்றும் உறைக்கிறது: அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அவளுக்கு அது தெரியாது, நமக்கு இரண்டும் தெரியும். இனி அவள் கண்விழித்து எடுக்கப்போகும் ஒவ்வொரு முடிவையும் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கவேண்டியதுதான்.

விமர்சகர்களுக்கு இந்த வகையே பிடிக்கவில்லை. மான்சல் என்ற தத்துவப் பேராசிரியர் 1863-இல், இவை அறிவோடு பேசாமல் நரம்புகளுக்குப் பிரசங்கம் செய்கின்றன என்று சாடினார். திட்டுவதற்காகச் சொன்னாலும் மனிதர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். வாரத் தவணைதான் இதற்கு முக்கியக் காரணம். அடுத்த வாரமும் பத்திரிகை விற்கவேண்டும் என்றால் இந்த வாரத்தை ஒரு விளிம்பில் நிறுத்தத்தான் வேண்டும். ரயில் நிலையப் புத்தகக் கடைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். வண்டியில் உட்கார்ந்து படிப்பவனின் கவனத்தை ஜன்னலிலிருந்து பிடுங்கியாகவேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இதில் இன்னும் முன்னோடிகள். 1842-43-இல் யூஜின் ஸூ நாளிதழில் எழுதிய 'பாரிஸ் ரகசியங்கள்' தொடர்கதைக்காக, சாகக் கிடந்த நோயாளிகள்கூட முடிவு தெரியும்வரை சாவை ஒத்திப்போட்டார்கள் என்று தியோஃபில் கோத்தியே கேலியாக எழுதியிருக்கிறார். ஸூவை இன்று படிப்பது கஷ்டம், ஜவ்வு. அது வேறு விஷயம்.

ஆனால் அந்த ஸூவின் வால் நம் ஊர்வரை நீள்கிறது. அவரைப் பார்த்து லண்டன் ரகசியங்களை 1844 முதல் மலிவுத் தவணைகளாக எழுதித் தள்ளியவர் ஜி.டபிள்யூ.எம். ரெனால்ட்ஸ். இங்கிலாந்து இலக்கிய உலகம் அவரை மதிக்கவில்லை. இந்திய வாசகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் ரெனால்ட்ஸின் கதைகளைத் தமிழ்ப் பெயர்களும் தமிழ் உடைகளும் போட்டு எழுதினார். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-இல் வந்தது. அவருடைய துப்பறியும் கோவிந்தனுக்கு வீட்டுக்கு வீடு ரசிகர்கள். பின்னாலேயே வடுவூர் துரைசாமி ஐயங்கார். நம் இலக்கியவாதிகள் இவர்களைத் திட்டியதும் மான்சல் மாதிரியேதான். அவர்களை மறைத்துவைத்துப் படித்த தலைமுறைதான் பிறகு தொடர்கதைகளுக்கு வாசகர்களாக வந்து சேர்ந்தது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். காலின்ஸிடம் ஆபத்து வீட்டுக்குள் இருந்தது. அதை வெளியே, திறந்த வெளிக்கு, நாடுகளுக்கிடையே கொண்டுபோனவர் எர்ஸ்கின் சைல்டர்ஸ். நாடாளுமன்றத்தில் குமாஸ்தா, பொழுதுபோக்குக்குப் பாய்மரப் படகு. 1903-இல் வந்த 'தி ரிடில் ஆஃப் த சாண்ட்ஸ்' அவர் எழுதிய ஒரே நாவல். வெளியுறவுத் துறையில் வேலைபார்க்கும் கரூதர்ஸ் என்ற பகட்டுக்கார இளைஞன், ஊரே விடுமுறைக்குப் போய்விட்ட லண்டனில் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். பழைய நண்பன் டேவிஸ் படகில் ஊர்சுற்றக் கூப்பிடுகிறான். போய்ப் பார்த்தால் சொகுசுப் படகு இல்லை, கூனிக்கொண்டு உட்காரவேண்டிய பொட்டிப் படகு. ஜெர்மனியின் வடகடல் ஓரத்து மணல்திட்டுகளுக்கிடையே அலைகிறார்கள். அங்கே கடல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். இறங்கினால் மைல் கணக்கில் சேறு, ஏறினால் அதே இடத்தில் வழி. அந்தத் திட்டுகளுக்குப் பின்னால் ஜெர்மனி எதற்கோ ரகசியமாக ஒத்திகை பார்க்கிறது.

இந்த நாவலின் உச்சம் ஒரு மூடுபனிப் படகுப் பயணம். கை நீட்டினால் கை தெரியாத பனி. கரூதர்ஸ் துடுப்புப் போடுகிறான், டேவிஸ் மடியில் திசைகாட்டியும் கையில் கடிகாரமும் வரைபடமும் வைத்துக்கொண்டு வழி சொல்கிறான். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம், தண்ணீர் இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கும், ஆழம் எத்தனை அடி என்று கணக்கு மட்டும்தான் பக்கம் பக்கமாக. சண்டை இல்லை, துரத்தல் இல்லை. கணக்குத் தப்பினால் படகு சேற்றில் மாட்டிக்கொள்ளும், அவ்வளவே. ஆனாலும் நாம் துடுப்போடு சேர்ந்து மூச்சு விடுகிறோம். துல்லியமான விவரத்துக்கு இந்த வலிமை உண்டு. ஃபோர்சைத் தர்பூசணியிலும் பாஸ்போர்ட்டிலும் செய்தது சைல்டர்ஸ் அலைகளை வைத்து ஏற்கெனவே செய்து காட்டியதுதான்.

புத்தகம் வெளியே போய் வேலை செய்ய ஆரம்பித்தது. 1910-இல் பிரான்டன், டிரெஞ்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் அதே கடற்கரையில் உளவு பார்த்துப் பிடிபட்டார்கள். லைப்ஸிக் நீதிமன்றத்தில் இந்த நாவலைப் படித்ததுண்டா என்று கேட்டபோது, மூன்று தடவை படித்திருக்கிறேன் என்றார் பிரான்டன். சைல்டர்ஸின் சொந்தக் கதை இன்னும் விசித்திரமானது. பிரிட்டனைக் காப்பாற்ற நாவல் எழுதியவர், 1914-இல் தம் படகிலேயே ஐரிஷ் விடுதலைப் போராளிகளுக்குத் துப்பாக்கி கடத்திக் கொடுத்தார். கடைசியில் அயர்லாந்து உள்நாட்டுப் போரில் ஐரிஷ் அரசே அவரைப் பிடித்தது. ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றம். 1922 நவம்பர் 24 அன்று, தம்மைச் சுடவந்த ஒவ்வொரு சிப்பாயுடனும் கைகுலுக்கிவிட்டுச் செத்தார். அவர் மகன் பின்னாளில் அயர்லாந்தின் அதிபரானார். இதை யாராவது நாவலாக எழுதினால் நம்பமாட்டோம்.

அடுத்த படி ஜான் பக்கன். 1914-இல் குடல் புண்ணோடு கென்ட் கடற்கரையில் படுக்கையில் கிடந்தபோது பொழுதுபோகாமல் எழுதியது 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்', 1915-இல் வந்தது. போர்முனைப் பதுங்கு குழிகளில் சிப்பாய்கள் விரும்பிப் படித்தார்கள். இங்கேயும் நாயகன் லண்டனில் அலுத்துப்போனவன்தான். ரிச்சர்ட் ஹானே, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் காசு சம்பாதித்துத் திரும்பிய சுரங்கப் பொறியாளன். அவன் வீட்டில் தஞ்சம் புகுந்த ஒருவன் கத்திக்குத்துப் பட்டுத் தரையோடு தரையாகக் கிடக்கிறான். கொலைகாரர்கள் ஹானேயை முடிக்கத் தேடுகிறார்கள். போலீஸ் அவனையே கொலைகாரன் என்று தேடுகிறது. இரண்டு பக்கமும் ஓட இடமில்லை. பக்கன் செய்த இந்த ஒரு ஏற்பாட்டில்தான் அதற்குப் பிறகு வந்த துரத்தல் படங்களில் பாதி பிழைப்பு நடத்துகின்றன. நம் நாயகன் செய்யாத கொலைக்குப் பழி சுமந்து, உண்மைக் குற்றவாளியைத் தானே தேடிப்போகும் தமிழ்ப் படங்களை எண்ணிப் பாருங்கள்.

பக்கனைப் பற்றி ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பப் பக்கங்களில் உலகச் சதிக்கெல்லாம் யூதர்கள்தான் காரணம் என்று அந்தச் செத்துப்போகிறவன் உளறுகிறான். பின்னால் இன்னொரு பாத்திரம் அது அவனுடைய விபரீதப் பித்து என்று தள்ளிவிடுகிறது, ஆனால் படிக்கக் கூசத்தான் செய்கிறது. திரில்லருக்கு எப்போதும் ஒரு எதிரி வேண்டும், அந்தந்தக் காலம் யாரை வெறுக்கிறதோ அவனைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இந்த வகையின் பெரிய பலவீனம் இது, இன்றுவரைக்கும்.

ஆனால் கடைசி அத்தியாயம் அபாரம். கடற்கரை வீடு ஒன்றில் மூன்று உளவாளிகளையும் ஹானே வளைத்துவிடுகிறான். உள்ளே போனால், சாதாரண ஆங்கிலக் கனவான்கள் மூன்று பேர். டென்னிஸ் ஆடிவிட்டு வந்தவர்கள், திகைப்போடு அவனைப் பார்க்கிறார்கள், சீட்டாட உட்காரச் சொல்கிறார்கள். அவனும் ஆடுகிறான். ஆட ஆட அவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது: நாம்தான் அப்பாவிகளைப் பிடித்து வைத்திருக்கிறோமோ? எழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாமா? அப்போது ஒருவன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, விரல்களால் முழங்காலில் தாளம் தட்டுகிறான். பல நாள் முன்பு, துப்பாக்கிக்கு முன்னால் நின்றபோது ஹானே பார்த்த அதே தாளம்.

ஹிட்ச்காக் 1935-இல் இந்த நாவலைப் படமாக்கும்போது கதையை ஏகத்துக்கு மாற்றினார், ஆனால் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டார். பிறகு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1962-இல் அவரை உட்காரவைத்து நீண்ட பேட்டி எடுத்தபோது ஹிட்ச்காக் சொன்ன மேசைக்கடி வெடிகுண்டு உதாரணம் எல்லாருக்கும் பரிச்சயம்: இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், குண்டு திடீரென்று வெடித்தால் பார்ப்பவனுக்கு 15 நொடி அதிர்ச்சி, குண்டு இருப்பதை முதலிலேயே காட்டிவிட்டால் 15 நிமிஷம் தவிப்பு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதே பேட்டியில் அவர் ஒப்புக்கொண்ட ஒரு தவறு. 1936-இல் வந்த 'சபோட்டாஜ்' படத்தில், ஒரு பையன் கையில் படச்சுருள் டப்பாவோடு ஒரு பொட்டலமும் கொடுத்தனுப்பப்படுகிறது. அதில் வெடிகுண்டு, பகல் 1:45-க்கு. அவனுக்குத் தெரியாது. தெருவில் பல்பொடி விற்பவன் பிடித்துக்கொள்கிறான், ஊர்வலம் வழிமறிக்கிறது, பஸ் ஊர்கிறது. கடிகார முகப்பு திரும்பத் திரும்ப வருகிறது. பஸ்ஸில் அவன் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி. குண்டு வெடித்துவிடுகிறது.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பையனைக் கொன்றிருக்கக் கூடாது என்று ஹிட்ச்காக் பிற்பாடு சொன்னார். மனிதாபிமானம் மட்டுமில்லை இதில். தெரியவேண்டியதையெல்லாம் சொல்லி, எங்களை அவ்வளவு நேரம் நகம் கடிக்கவைத்துவிட்டு, கடைசியில் விடுவிக்காமல் விட்டால் அது கணக்குத் தீர்க்காமல் ஓடுவது. பயமுறுத்துவதற்கு அனுமதி கொடுத்தவன் வாசகன்; அந்த அனுமதிக்கு ஒரு எல்லை உண்டு. 1958-இல் 'வெர்டிகோ' எடுத்தபோது, மூல நாவல் கடைசிவரை பொத்திவைத்த ரகசியத்தை ஹிட்ச்காக் மூன்றில் இரண்டு பங்கு ஓடியதுமே நமக்குப் போட்டு உடைத்துவிட்டார். கூட இருந்தவர்கள் பதறினார்களாம். மீதிப் படம் முழுக்க 'நாயகனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்' என்று நாயகிக்காகவும் தவிக்கிறோம், அவனுக்காகவும் தவிக்கிறோம்.

இப்போது எந்தத் திரில்லர் விமர்சனத்தைத் திறந்தாலும் 'யாராலும் ஊகிக்க முடியாத திருப்பம்' என்றுதான் புகழ்கிறார்கள். ட்விஸ்டைச் சொல்லிவிட்டால் அடிக்க வருகிறார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இரண்டரை மணி நேரம் நம்மிடம் பொய் சொல்லும் படங்கள் பெருகிவிட்டன. இரண்டாம் தடவை பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். மாறாக 'பாபநாசம்' படத்தை எத்தனை தடவை தொலைக்காட்சியில் போட்டாலும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம். கொலை நம் கண் முன்னாலேயே நடந்தது. சுயம்புலிங்கம் என்ன பொய் சொல்லிக்கொடுத்தார் என்பதும் தெரியும். சின்னப் பெண்ணைப் போலீஸ் தனியாகக் கூட்டிப்போகும்போது வயிற்றில் ஏதோ பிசைகிறது, போன முறை பார்த்தபோது பிசைந்த அதே இடத்தில்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். காலின்ஸ், சைல்டர்ஸ், பக்கன் மூவரின் புத்தகங்களும் காப்புரிமை முடிந்தவை, குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கன் மிகச் சின்னது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியும். காலின்ஸ் தடிமன். தொடக்கத்தில் ஓவிய ஆசிரியரின் காதல் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபோஸ்கோ தன் வெள்ளெலிகளோடு வந்து இறங்கியபிறகு கீழே வைக்கமாட்டீர்கள். சைல்டர்ஸைப் படிப்பதாக இருந்தால் செல்போனில் வேண்டாம். புத்தகத்தோடு வரைபடங்கள் உண்டு, அவற்றைப் பெரிதாகத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தத் திட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கவேண்டும்.